போதைப் பொருள்கள் உடலுக்குள் செய்யும் வேலை



போதைப் பொருள்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். குடி குடியைக் கெடுக்கும் என்று கூறி அமர்ந்துவிடலாம். ஆனால் அதைக் குடிக்கிறவரும் நன்கறிவார். ஆதலின் அறவுரையை ஒதுக்கிவிட்டு, அப்பொருள்கள் உடலுக்குள் சென்று என்ன செய்கின்றன என்பதை எடுத்துரைக்க விழைகிறேன்.

போதை என ஒரே சொல்லால் நாம் குறித்தாலும் அவை ஒரே தன்மையன அல்ல. மது, மூளையின் செயலை மட்டுப்படுத்துவது. புகையிலையிலுள்ள நிக்கோடின் தூண்டுவது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுவது. உதட்டின் அடியில் ஒதுக்கிக்கொள்ளும் பொட்டலமும் புகையிலையே. புகை இல்லாமையால் தீங்கில்லை என்று கருதும் மாணவர்கள் வாய்ப்புற்றுநோயை மறந்துவிடுகிறார்கள். கஞ்சா நினைவாற்றலையும் கவனத்தையும் குலைக்கிறது. மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை நீடிப்பதால், பள்ளிப் பருவத்தில் நேரும் கேடு பெரிது. அபின் இனத்தைச் சேர்ந்தவையும், அவற்றைப் போன்றே செயற்படும் சில வலி மாத்திரைகளும், அளவு மீறினால் வலியோடு மூச்சையும் அடக்கிவிடும். அம்மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமை இன்று நம் இளைஞர்களிடையேயும் புகுந்துவிட்டது. ஓர் ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது எச்.ஐ.வி. கிருமியும் உடன் செல்கிறது.

இவற்றினும் விரித்துரைக்க வேண்டியது கள்ளச்சாராயம். 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் 60க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். பலர் அன்றாடக் கூலிகள். இரண்டிடத்தும் கொன்றது மெத்தனால்.

சாராயத்திலுள்ள எத்தனாலும் இந்த மெத்தனாலும் பார்வைக்கு ஒன்றே. கல்லீரலிலுள்ள ஒரே நொதிதான் இரண்டையும் சிதைக்கிறது. எத்தனால் முடிவில் அசிட்டிக் அமிலமாகிறது. மெத்தனாலோ முதலில் பார்மால்டிஹைடு ஆகிறது. நம் பள்ளி ஆய்வகத்தில் பாம்பையும் தவளையையும் கெடாமல் ஊறவைத்திருக்கும் திரவத்தில் உள்ள அதே பொருள்! பின்னர் அது எறும்பின் கடியிலுள்ள பார்மிக் அமிலமாகிறது. அவ்வமிலம் உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவொட்டாமல் தடுக்கிறது. முதலில் பழுதுபடுவது பெரும்பாலும் பார்வை நரம்பு. இம்மாற்றம் நிகழப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆவதால், இரவு குடித்தவர் நலமாக உறங்கி எழுவார். வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் மங்கல் எல்லாம் அதன் பின்னரே தோன்றும்.

நான் ஏழாம் வகுப்புப் பயின்ற ஆண்டில், எங்கள் தெருவில் என் தோழனின் தந்தையார் ஒருநாள் விடியற்காலையில், "விளக்கை ஏற்றக் கூடாதா?" என்று கேட்டார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மருத்துவமனை ஆறு மைல். கொண்டுபோனால் காவல் நிலையத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். மோர் கொடுத்தார்கள், தலையில் நல்லெண்ணெய் வைத்தார்கள். "தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்றார்கள். பொழுது சாயுமுன் அவர் போய்விட்டார். என் தோழன் மறுவாரம் பள்ளிக்கு வரவில்லை; அதன் பின்னரும் வரவில்லை.

அன்று தேவைப்பட்டது விரைவு ஒன்றே. அந்த நொதியை மருந்தால் மறித்து, நஞ்சை இரத்தச் சுத்திகரிப்பால் வெளியேற்ற மருத்துவர்களால் இயலும். மறிப்பதற்கு எத்தனாலையே அளந்து கொடுப்பதும் உண்டு. இதைக் கேட்டு, வீட்டிலேயே இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால் சரியாகும் என்று எவரும் எண்ணிவிடாதீர்கள்; மருத்துவமனையிலன்றி அது ஆகாது.

வழக்கு வருமே என்னும் அச்சம் இன்றும் இருக்கிறது. கஞ்சா, அபின் முதலியவற்றுக்கு அடிமையாகி, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர், தாமே முன்வந்து அரசு ஏற்ற மையத்தில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றால், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64அ பிரிவு அவரை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்னும் எண் உண்டு.

கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே 108ஐ அழையுங்கள். குடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உடன் குடித்தவர்கள் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் அப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.