காலம் அறிந்து அளிக்கும் தானம்



பொன்னும் நெல்லும் கொடுக்கும் நாள் வரை காத்திருக்கும், உடலுறுப்புக் காத்திராது. உடலினின்று பிரித்த இதயத்தை ஏறத்தாழ 4 மணி நேரத்திற்குள் மற்றொருவருக்குப் பொருத்திவிட வேண்டும். நுரையீரலுக்குச் சுமார் 6 மணி, கல்லீரலுக்கு 12 மணி, சிறுநீரகத்திற்கு 24 முதல் 36 மணி வரை அவகாசம் உண்டு.

குருதியோட்டம் நின்ற பின்னும் உயிரணுக்கள் ஆற்றலைச் செலவிடுகின்றன. பிராணவாயு இன்றி நலிகின்றன. ஆதலின் மருத்துவர்கள் உறுப்பினுள் குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலைச் செலுத்தி, பனிக்கட்டி நிறைந்த பெட்டியில் ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் வைக்கின்றனர். அக்குளிர்ச்சியில் உயிரணுக்களின் செலவு மிகக் குறைகிறது. ஆயினும் உறையவிடுவதில்லை, உறைந்தால் பனிப்படிகங்கள் உயிரணுக்களைச் சிதைத்துவிடும்.

2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவடைந்த 15 வயது மகனின் உறுப்புகளைத் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் ஈந்தனர். சென்னைப் போக்குவரத்துக் காவலர் வழியைத் திறந்துவிட, அச்சிறுவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சில நிமிடங்களில் சென்று ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. காவலர் வழியைச் சுருக்கினர். அதற்கு முன்பே பெற்றோரின் துணிவு காலத்தைச் சுருக்கியிருந்தது.

மூளைச்சாவு என்பது மீளா மரணம். செயற்கைச் சுவாசத்தால் இதயம் துடிப்பதைக் கண்டு உறவினர் மயங்குவது இயல்பே. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருத்துவர் குழு 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே அதனை உறுதி செய்கிறது. அதன் பின்னும் உடலின் நிலை தளர்ந்துகொண்டே செல்லும். இறந்தவர் உறுதிமொழி அட்டை வைத்திருப்பினும், நெருங்கிய உறவினரின் இசைவின்றி உறுப்புகளை எடுப்பதில்லை. துயரின் நடுவே ‘அவர் என்ன விரும்பியிருப்பார்?’ என்று தடுமாறும் பொழுது காலம் கழிந்துவிடுகிறது.

இல்லத்தில் இயற்கையாக இறந்தோரும் கண் தானம் செய்ய இயலும். 6 மணி நேரத்திற்குள் கருவிழி எடுக்கப்பட வேண்டும். இமைகளை மூடி, மின்விசிறியை நிறுத்தி, கண்களின் மீது ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, கண் வங்கிக்கு உடனே சொல்லியனுப்ப வேண்டும். முதுமையோ மூக்குக்கண்ணாடியோ கண்புரை அறுவையோ தடையன்று. அரை மணி நேரத்தில் பணி முடியும், இறுதிக்கடன் தாமதப்படாது.

ஆகவே, ஒவ்வொருவரும் தம் விருப்பத்தை நலமாக உள்ள நாளிலேயே வீட்டாரிடம் சொல்லி வைப்பாராக. கண் வங்கியின் தொலைபேசி எண் இல்லந்தோறும் எழுதி வைக்கப்படுக.