ஓடும் எழுத்தை நிறுத்தும் பொத்தான்

இணையப் பக்கத்தில் அசைவுக்கு ஒரு வேலை உண்டு. பொத்தானைத் தொட்டதும் அது சற்றே அமுங்கியதுபோல் தெரிந்தால், தொட்டது பதிவாகிவிட்டது என்று புரியும். எதுவும் தெரியாவிட்டால் மறுபடி தொடுவார்கள். ஒரே விண்ணப்பம் இரண்டு முறை போய்விடும். இப்படித் தகவல் சொல்லும் அசைவு தேவையானது. கண்ணை இழுப்பதற்காகவே ஓடுவதும் மினுக்குவதும்தான் தொல்லை.

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை மேல் இருக்கும் நெல்லிவாசல்நாடு மலையாளிப் பழங்குடியினர் வாழும் பகுதி. சாதிச் சான்றிதழுக்கு மனுப் போடுவதும் தேர்வு முடிவு பார்ப்பதும் இன்று அங்கேயும் இணையத்தில்தான். மலையில் சிக்னல் மேட்டில் கிடைக்கும், பள்ளத்தில் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் கைப்பேசியில் அரசு அறிவிப்பு ஒன்று வலமிருந்து இடமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘விண்ணப்பிக்கக் கடைசி நாள்’ என்ற சொற்கள் வருகின்றன. தேதி வருவதற்குள் எந்தத் திட்டத்துக்கு என்ற பகுதி மறைந்துவிடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். தொட்டுத் திறக்கலாம் என்றால், விரல் போவதற்குள் வரி நகர்ந்துவிடுகிறது. கை நடுங்கும் முதியவருக்கு அது எட்டவே எட்டாது. அரசுத் தளங்களில் ஊறிப்போன இந்த வழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். எழுத்தை ஓடவிடும் ‘மார்க்கீ’ என்ற குறிச்சொல்லை, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லின் தரமே கைவிட்டுவிட்டது. நான்கு அறிவிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி வைத்தால் போதும்.

டபிள்யூ3சி என்ற உலக இணைய அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறை இதற்கு அளவு சொல்கிறது. மற்ற தகவல்களோடு சேர்ந்து தானாகத் தொடங்கி, 5 விநாடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும். ஒரு விநாடியில் 3 முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது. இந்த இரண்டாவது விதி உயிர் சம்பந்தப்பட்டது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்டதில், வலிப்பு போன்ற அறிகுறிகளுடன் அறுநூறுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள்.

வலிப்பு இல்லாதவருக்கும் அசைவு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உடலின் சமநிலையை உணர்வது உள்காது. மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் கைப்பேசியைப் பார்த்தால் குமட்டுவது, உடல் அசைய, கண்ணுக்கு முன் திரை அசையாமல் இருப்பதால். பக்கத்தை உருட்டும்போது பின்னணிப் படம் வேறு வேகத்தில் நகர்ந்தால் இதுவே தலைகீழாக நடக்கிறது: உடல் அசையவில்லை, கண் அசைவைக் காண்கிறது. உள்காதுக் கோளாறு உள்ளவருக்குத் தலைசுற்றல் அதன் பிறகும் நெடுநேரம் நீடிக்கலாம்.

இதற்கான வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் அசைவைக் குறைக்கச் சொல்லலாம். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் ‘பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன்’ என்ற நிபந்தனை அந்த விருப்பத்தைத் தளத்துக்குத் தெரிவிக்கும். தளம் கேட்டால்தானே பயன்? அதற்கு எழுத வேண்டியது சில வரிகள்தான்.

விலை குறைந்த கைப்பேசியில் அசைவு திக்கித் திணறும். பொருளின் அகலத்தையும் உயரத்தையும் மாற்றி அசைத்தால் உலாவி பக்கத்தை மறுபடி மறுபடி அளந்து வரைய வேண்டியிருக்கும். இடப்பெயர்வையும் ஒளிபுகும் தன்மையையும் மட்டும் மாற்றினால் சுமை குறைவு. சிக்னல் பலவீனமான இடத்தில் சுழலும் வட்டம் மட்டும் போதாது. ‘படிவம் அனுப்பப்படுகிறது’ என்று எழுத்திலும் இருக்க வேண்டும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லும்படி குறியிடவும் வேண்டும்.

இந்தியாவில் இவை சலுகை அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

தளத்தை வெளியிடும் முன் சோதிப்பது எளிது. கைப்பேசியில் அசைவைக் குறைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து, எந்தத் தகவலும் விடுபடவில்லையா என்று பார்க்க வேண்டும். கணினியில் மவுஸைத் தொடாமல் டேப் விசையாலேயே நிறுத்தும் பொத்தானை அடைய முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.