சம்பளம் வேண்டாம் என்ற உபதேசியார்

பொழுது குறைவு, வழக்கோ பழையது.

அது அவையில் பலருக்கும் பாதி தெரிந்த வழக்குதான். தென்காசி, குற்றாலம் பக்கத்து இந்த மலையடிவாரக் கிராமச் சபைகளை நிறுவியவர் யார்? வரலாற்றுத் துறை நண்பர்கள் பலர், மிஷனெரி வந்து இறங்கிய ஆண்டையே சபை பிறந்த ஆண்டாக எழுதுகிறார்கள். மிஷனெரி சங்கத்தின் பணமும் துரையின் சிபாரிசும் இல்லாமல் எந்தச் சபையும் எழவில்லை என்பது அவர்கள் கட்சி. பாப்டிஸ்ட் சபைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னொன்றும் சொல்வார்கள். மனமறிந்து விசுவாசித்தவர்கள் ஞானஸ்நானம் பெற்று, பேராயர் எவருக்கும் கீழ்ப்படாமல் தாங்களே நடத்தும் சபை என்ற எண்ணம் இந்தப் பக்கம் மிகப் பிந்தியே வந்ததாம்.

இரண்டுமே தவறு.

முதலூரை எடுத்துக்கொள்வோம். 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், துன்புறுத்தப்பட்ட புது விசுவாசிகளைத் திரட்டி அமைத்த ஊர் அது. சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனெரி சங்கத்தின் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-இல். இந்த 21 ஆண்டு இடைவெளிக்கே நண்பர்களிடம் பதில் இல்லை. ஆனால் இவ்வுரையின் முதன்மைச் சாட்சி முதலூர் அன்று. 1810-இல் உக்கிரன்கோட்டையில் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன்.

அருளப்பன் பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் படித்தவர். 1833-இல் இந்தியாவுக்கு வந்த அந்தோனி நாரிஸ் க்ரோவ்ஸைச் சந்தித்து, அவரோடு சேர்ந்து ஊழியம் செய்தார். க்ரோவ்ஸ் எக்ஸெட்டர் நகரத்துப் பல் மருத்துவர். தொழிலை விட்டுப் பாக்தாதுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தவர். பாப்டிஸ்ட் என்ற பெயரை அவர் சூடிக்கொள்ளவில்லை. ஆனாலும் விசுவாசிகளின் ஞானஸ்நானம், குருப்பட்டம் பெறாதவரும் திருவிருந்து நடத்தலாம் என்ற துணிவு, ஒவ்வொரு சபையும் தன் காலில் நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் ஆகியவை அவரிடம் இருந்தன. உபதேசிமாருக்குப் பட்டம் கொடுக்கும் முறையிலும் ஆங்கிலிக்கன் ஒழுங்கிலும் தம் சங்கத்தோடு முரண்பட்ட ரேனியஸ் 1835-இல் விலக்கப்பட்டபோது, க்ரோவ்ஸ் அவர் பக்கம் நின்றார். இந்தச் சூட்டில்தான் அருளப்பன் பக்குவப்பட்டார்.

பிறகு நடந்ததுதான் இந்த வழக்கின் உயிர். தமக்கு மொழிபெயர்த்துத் தந்த உழைப்புக்காக அருளப்பனுக்கு மாதந்தோறும் ஒரு தொகை ஏற்பாடு செய்ய க்ரோவ்ஸ் முன்வந்தார். அவர் மறுத்துவிட்டார். சம்பளம் வாங்கினால், கூலிக்காகப் பிரசங்கிக்கிறான் என்று ஊரார் ஓயாமல் சொல்வார்கள் என்பது அவர் காரணம். க்ரோவ்ஸே வியந்து இதை எழுதியிருக்கிறார். அன்றைய மிஷன் ஏற்பாட்டில் உபதேசியார் என்றால் சம்பளக்காரர். சம்பளம் நின்றால் ஊழியமும் நிற்கும். அந்தக் கட்டை அவிழ்த்துக்கொண்டு, 1840 அளவில் வத்திராயிருப்புக்கு அருகே நிலம் வாங்கிக் கிறிஸ்தியான்பேட்டையை அமைத்தார். தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மலையை ஒட்டியே வடக்கே போனால் அந்த ஊர் வரும்.

வெளிநாட்டு அன்பர்களிடமிருந்தும் அவருக்கு உதவி வந்ததே என்று நண்பர்கள் மடக்குவார்கள். வந்தது உண்மைதான். மனமுவந்து தந்த காணிக்கையை வாங்கினார். யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்படவில்லை. காணிக்கை கொடுத்தவரால் அவரை இடம் மாற்ற முடியாது, பதவி நீக்க முடியாது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

1860-இல் கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் வெடித்தது. ஆண்களும் பெண்களும் அழுது பாவத்தை அறிக்கையிட்டார்கள். கூலி வாங்காமல் ஊர் ஊராகப் பிரசங்கிக்கப் போனார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதற்குச் சற்றுமுன் நடந்த எழுப்புதல்களின் செய்தி அருளப்பனுக்கு எட்டியிருந்ததால், இதை இறக்குமதி என்பாரும் உண்டு. செய்தி கடல் கடந்து வந்திருக்கலாம். வெயிலில் நடந்து போனவர்கள் இந்த ஊர்க்காரர்கள். திருநெல்வேலியைப் பொறுத்தவரை சுதேசச் சபை தானாகவே விரிவடைய எடுத்த முழுமையான முதல் முயற்சி இதுவே என்று அதே ஆண்டில் எழுதியவர் ஆஷ்டன் டிப். அவர் அருளப்பனின் கூட்டாளி அல்லர், சி.எம்.எஸ். மிஷனெரி. எதிர்க்கட்சியின் சாட்சியே இப்படிச் சொல்லியிருக்க, 1867-இல் மறைந்த அருளப்பனை நம் வரலாறுகள் ஓர் அடிக்குறிப்பில் அடைப்பது எந்த நியாயம்?

பெயரிலும் பாப்டிஸ்ட் ஆன சபை வேண்டுவோருக்குக் கொல்லிமலை இருக்கிறது. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913 முதல் அங்கே மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சு கற்பித்தார்கள். நோயாளிகள் வந்தார்கள், சபை எழவில்லை. முதல் உலகப் போரை ஒட்டி வந்த விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்த பூசாரி, அதுவரை எதிர்த்து நின்றவர், தம் பெண் குழந்தையை பிராண்டிடம் ஒப்படைத்தார். அதன் பிறகே மலைமக்கள் சபைக்கு வரத் தொடங்கினார்கள். 1929-இல் பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார், சபை இறக்கவில்லை. மருத்துவமே சபையை நிறுவியது என்போர் பூசாரியின் முடிவை எங்கே வைப்பார்கள்?

நேரம் முடிகிறது. 1903-இல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்துக்கும் அருளப்பனின் தலைமுறைக்கும் உள்ள தொடர்பு தனியாக ஆராயப்பட வேண்டும். சுரண்டை, நல்லூர் பக்கத்து ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கல்லறைக் கல்வெட்டுகளையும் படியெடுக்க வேண்டும். பிடியரிசிக் காணிக்கைக் கணக்குகள், அசனப் பண்டிகைச் செலவுக் குறிப்புகள், வேதாகமப் பெண்களின் பங்கு ஆகியவை பற்றித் தனித்தனி ஆய்வேடுகளே எழுதலாம். குற்றாலம் பராசக்தி கல்லூரி மாணவியர் யாரேனும் முன்வந்தால், முதியவர்களின் வாய்மொழியை இந்தக் கோடையிலேயே பதிவு செய்யத் தொடங்கிவிடலாம்.