உதிராத பூக்கள்



ஜப்பானில் மகனோடு யோஷினோ மலைக் கோயிலுக்குப் போய்ச் செர்ரிப் பூ பார்த்தேன். பத்து நாளில் உதிர்ந்துவிடும் பூ! நினைவுக்கு வந்ததோ நம்ம சித்தன்னவாசல்.

அங்கே அறிவர் கோயில் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் மனிதர். நிறம் மங்கியும் இன்னும் பூத்திருக்கிறது.

மலைமேல் ஏழடிப்பட்டம். சமண முனிவர் கற்படுக்கை. அதில் 2,000 ஆண்டுப் பழமையான தமிழி எழுத்து. மாணவப் பருவத்தில் பக்கத்துப் பாறையில் ஆணியால் என் பேரைக் கீறியவன் நான். போன மாதம் பேரன் அதைப் படித்துவிட்டு, "தாத்தா, உங்க பேரும் கல்வெட்டுல இருக்கே!" என்றான். வெட்கமாப் போச்சு.

நாளை பஸ்ஸில் எல்லோரும் அங்கே போகிறோம். பிள்ளைகள் கையில் ஆணி இருந்தால் வாங்கி வையுங்கள்.