பாலகிருஷ்ணர் முதல் பாணபத்திரர் வரை



ஊவா மாகாணத்து மலைச்சாரல்களிலே வாழும் தமிழ் மக்களுக்குப் பாட்டும் கூத்தும் புதியனவல்ல. மாசி மாதம் பிறந்தால் காமன் கூத்து. மற்றைக் காலங்களிலே அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கதை. விடிய விடியக் கூத்து நிகழ்ந்த தோட்டங்கள் பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதிகளிலே பலவாகும். அத்தகைய களத்திலே நல்ல சாரீரமுள்ள சிறுவன் ஒருவன் வேடம் பூண்டு பாடிவிட்டால், மறுநாட் காலைப் பெரட்டுக்களத்தில் அவனைப் பற்றிய பேச்சே பேச்சாக இருக்கும். "இவன் பெரிய பாடகனாக வருவான்" என்று ஊரே ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறிவிடும்.

சில காலத்துக்கு முன் அவ்வாறு ஊர் தீர்ப்புக் கூறிய மாணவன் ஒருவனின் தாய் என்னைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். கொழுந்துக் கூடையை வாயிற்படியருகே இறக்கி வைத்துவிட்டு, "சேர், புள்ள பாட்டுக்குன்னே பொறந்தவன்னு எல்லாரும் சொல்றாங்க. கொழும்புல ஒரு இசைக்குழுவுக்குக் கூப்பிடுறாங்க. படிப்ப நிப்பாட்டிறவா?" என்று கேட்டார். சாதாரண தரப் பரீட்சைக்கு அப்பொழுது ஐந்து மாதங்களே இருந்தன. போகாதே என்று சொல்வது எளிது. போ என்று சொல்வது அதனினும் எளிது. நான் அவ்விரண்டையும் சொல்லவில்லை. இளம் பருவத்திலேயே புகழின் உச்சியை எட்டிய ஒரு கலைஞரின் கதையையே அந்தத் தாய்க்கும் மகனுக்கும் சொன்னேன். இன்று அதனையே உங்கள் முன் வைக்கின்றேன். அவர்தாம் டி. ஆர். மகாலிங்கம்.

மதுரை மாவட்டத்திலே, வையை ஆற்றின் தென்கரையிலே, சோழவந்தானுக்கு அருகில் தென்கரை என்றே பெயர் பெற்ற சிற்றூர் ஒன்று உண்டு. மகாலிங்கம் பிறந்தது அங்கேதான். 1933ஆம் ஆண்டில் இளவயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் தமிழர் செவிகளில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. நாடக மேடையிலே இந்தச் சிறுவன் உச்ச சுருதியில் பாடக் கேட்டவர்கள், கிட்டப்பாவே திரும்ப வந்தது போல மகிழ்ந்தனர். ஏ. வி. மெய்யப்பன் தயாரித்து 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்திலே அவர் பாலகிருஷ்ணராகத் தோன்றினார். அப்போது அவருக்கு வயது பதினைந்தை ஒட்டியே இருக்கும்.

1945ஆம் ஆண்டு 'ஸ்ரீ வள்ளி' வந்தது. முருகனாக மகாலிங்கமும் வள்ளியாகக் குமாரி ருக்மிணியும் நடித்த அப்படம் தமிழகத்தைப் பாட்டினால் ஆட்டி வைத்தது. வள்ளி கதை ஊவா மக்களாகிய நமக்கு அயலார் கதையன்று. கதிர்காமமும் செல்லக் கதிர்காமமும் நம் மாகாணத்து மண்ணிலேயே இருக்கின்றன. முருகன் வள்ளியைத் தேடி வந்த காடு இதுவே என்று நம் முன்னோர் நம்பினர், இன்றும் நம்புகின்றோம். ஆகவே அந்தப் பாடல்கள் நம் லயங்களுக்குள்ளே வந்தபோது சொந்தப் பிள்ளையின் பாட்டாகவே வரவேற்கப்பட்டன. என் தகப்பனார் பற்றரி வானொலிப் பெட்டியைத் தொழுகைக்குரிய பொருள் போல் மாடத்தில் வைத்திருப்பார். மகாலிங்கத்தின் பாட்டு வந்துவிட்டால் வீட்டில் எவரும் வாய் திறத்தல் ஆகாது.

1947இலே காரைக்குடியில் எடுக்கப்பட்ட 'நாம் இருவர்', பாரதியார் பாடல்களை நாடெங்கும் பரப்பியது. அதிலும் கதாநாயகர் மகாலிங்கமே. 1948இல் 'வேதாள உலகம்', 'ஞானசௌந்தரி' முதலிய படங்கள் வந்தன. இருபத்தைந்து வயதை எட்டுமுன்னரே அவர் தமிழ்நாட்டின் கண்ணும் செவியும் கவர்ந்த நாயகராக விளங்கினார்.

பின் வந்தது இறக்கம். அவ்விறக்கத்திற்கான காரணமே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அவர் குரல் கெட்டுவிடவில்லை, காலந்தான் மாறிற்று. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்னும் பின்னணிப் பாடல் முறை மெல்ல மெல்ல வேரூன்றியது. தமிழ்ப் படவுலகில் அம்முறை முதன்முதலாகக் கையாளப்பட்டதே அவருடைய முதற்படமாகிய 'நந்தகுமார்' படத்திலேதான் என்று குறிப்பிடுவர். 'ஸ்ரீ வள்ளி'யிலே மகாலிங்கம் தம் குரலிலேயே பாடினார். ஆனால் வள்ளியின் பாடல்களுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. பாடத் தெரிந்தவரே நாயகராகலாம் என்ற விதியைத் தகர்க்கும் உளி, அவருடைய வெற்றிப் படங்களுக்குள்ளேயே ஓசையின்றி வேலை செய்துகொண்டிருந்தது. 1952இல் 'பராசக்தி' வந்தபோது மக்கள் பாட்டைக் காட்டிலும் வசனத்துக்குக் கைதட்டத் தொடங்கியிருந்தனர்.

இதே காலத்தில் மகாலிங்கம் சொந்தமாகப் படமெடுக்கத் துணிந்தார். 'மச்சரேகை', 'மோகனசுந்தரம்', 'சின்னதுரை' என்று 1950 முதல் அடுத்தடுத்து அவர் தயாரித்தார். தயாரிப்புத் தொழில் அவரைக் கடனில் ஆழ்த்தியது. பாடுவது ஒரு கலை. படமெடுப்பதோ கணக்கும் ஒப்பந்தமும் சந்தை நிலவரமும் சேர்ந்ததொரு வாணிபம். முன்னதிலே வல்லவர் பின்னதிலும் வல்லவராக இருத்தல் வேண்டும் என்ற நியதி இல்லை. ஒரு காலத்தில் வாயிலிலே கூட்டம் நின்ற நாயகருக்கு வாய்ப்புகள் அருகிப்போயின.

ஆயினும் கதை அங்கே முடிந்துவிடவில்லை. 1958ஆம் ஆண்டு கவிஞர் கண்ணதாசன் தாம் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்திற்கு நாயகராக மகாலிங்கத்தையே தேர்ந்தார். விசுவநாதன், இராமமூர்த்தி இருவரும் இசையமைத்தனர். எல்லாரும் இரவல் குரலுக்கு வாயசைத்த காலத்திலே, மகாலிங்கம் தம் சொந்தக் குரலிலே பாடினார். மக்கள் மறுபடியும் திரும்பிப் பார்த்தனர். நாளெல்லாம் பாடிப் பேணிய சாரீரம், புகழ் போன பின்னரும் அவரைவிட்டுப் போகவில்லை.

1965இல் ஏ. பி. நாகராசனின் 'திருவிளையாடல்' வெளிவந்தது. அதிலே அவர் நாயகரல்லர், பாணபத்திரர். வடநாட்டு வித்துவான் ஏமநாதனுடன் பாடி வெல்ல முடியுமோ என்று அஞ்சி, சொக்கநாதர் சந்நிதியிலே சரண்புகும் எளிய பாணர். நாயக வேடத்திலே நாடாண்டவர், தோல்விக்கு அஞ்சும் ஒரு மனிதனாக வந்து நின்றார். வீழ்ச்சியைத் தாமே கண்டவராதலால் அந்த அச்சம் அவர் முகத்திலும் குரலிலும் இயல்பாக அமைந்தது என்றே நான் எண்ணுகின்றேன். பாலகிருஷ்ணராக வந்த சிறுவனை நாடு வியந்தது. பாணபத்திரராக வந்த முதிர்ந்த கலைஞரை நாடு மதித்தது. வியப்பு வேறு, மதிப்பு வேறு அன்றோ! 'அகத்தியர்', 'திருநீலகண்டர்', 'இராஜராஜ சோழன்' ஆகிய படங்களிலும் நடித்த பின், 1978ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இக்கதையைக் கேட்டு முடித்த மாணவன் சற்று நேரம் தலை குனிந்திருந்தான். பின்பு, "அப்படின்னா கொழும்புக்குப் போக வேணாமா சேர்?" என்று கேட்டான். "போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. இன்று உன்னை அழைப்பது உன் வயது. நாளை அந்த வயது உன்னிடம் இராது. வயது போன பின்னும் உன்னிடம் எஞ்சி நிற்கக்கூடிய இரண்டைத் தேடிக்கொண்டு போ. ஒன்று முறையாகக் கற்ற சங்கீதம், மற்றொன்று, கையெழுத்திடும் பத்திரத்தை நீயே வாசித்து விளங்கிக்கொள்ளும் படிப்பு" என்றேன்.

தாய் ஒன்றும் பேசாமற் கூடையை எடுத்துக்கொண்டு சென்றார். அடுத்த நாட் காலை பையன் வகுப்பிலே இருந்தான். பரீட்சை எழுதினான், கணிதத்திலே மட்டுமட்டாகத் தேறினான். இப்பொழுது உயர்தரம் படித்துக்கொண்டே, சனிக்கிழமைதோறும் பசறை வழி பேருந்தேறிப் பதுளைக்குச் சென்று ஓர் ஆசிரியரிடம் சங்கீதம் பயில்கின்றான். போன தைப்பூசத்தன்று தோட்டத்துக் கோயிலிலே அவன் பாடினான். அந்தத் தாய் கூட்டத்தின் பின் வரிசையிலே, தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் நாளை பெரும் புகழ் பெறலாம், பெறாமலும் போகலாம். அது காலத்தின் கையில் உள்ளது. கற்றது மட்டும் அவன் கையில் இருக்கும். நம் தோட்டங்களிலே கூத்துக் களத்தில் கைதட்டல் பெறும் பிள்ளைகள் இன்னும் பலர் உளர். அவர்களின் பெற்றோர் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பின், கைதட்டிய கையாலேயே அவர்களுடைய புத்தகப் பையையும் எடுத்துக் கொடுப்பீர்களாக என்று வேண்டி அமைகின்றேன்.