வானலை யாருக்குச் சொந்தம்?



உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு எப்போது திறக்கப்படும்? முகத்துவாரம் வெட்டப்படுமா? கடற்காற்று எப்படி? படுவான்கரை உழவரும் வாவி மீனவரும் நாள்தோறும் அறியவேண்டிய செய்திகள் இவை. 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட நமக்கு இஃது உயிர்ப் பிரச்சினை.

இச்செய்திகளைச் சொல்ல இக்கரையில் ஒரு வானொலி நிலையம் அமைக்க விரும்புவோர் நிலை யாது? 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டம், 44 ஆம் பிரிவின் கீழ், உரிமம் வழங்கும் அதிகாரத்தை அமைச்சர் கையில் வைத்தது. பெருவணிகருக்கும் சிற்றூர்ச் சங்கத்துக்கும் அச்சட்டம் வேறுபாடு காணவில்லை.

கொடுத்த கை பறிக்கவும் வல்லது. 2007 ஒக்டோபரில், உறுதிப்படுத்தப்படாத ஒரு தாக்குதற் செய்தியைக் காரணங்காட்டி, சூரியன் எப்.எம். உள்ளிட்ட ஒரே நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் உரிமம் இரத்துச் செய்யப்பட்டது. செய்தி பிழையெனில் திருத்தம் கேட்கலாம், தண்டமும் விதிக்கலாம். நேயர் அனைவரின் செவியையும் அடைப்பது நீதியாகுமா?

1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்றது. அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை அரசின் பிடிக்குள் இருத்தலாகாது என்றும் உரைத்தது. அம்மசோதா அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ந்தது.

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. உரிமம் வழங்குவது சுயாதீன ஆணைக்குழுவின் பணியாகட்டும். உரிமத்தைப் பறிக்குமுன் விசாரணை நடக்கட்டும். சமுதாய வானொலிக்குச் சட்டத்தில் தனியிடம் அமையட்டும். பாடுமீன் வாழும் நாட்டில் மனிதர் மட்டும் வாய்மூடி வாழ்வதோ?