கணினி சொல்வதைக் கேளுங்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்களிடம் கணினிப் பழுதுகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். நான் பொறியியல் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவன். ஆயினும் சென்ற ஓராண்டில் நம் குடியிருப்பின் பல வீடுகளில் கணினிக்கு முன் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அந்த ஒரு தகுதியைக் கொண்டே உங்கள் முன் நிற்கின்றேன்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்து வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொறி ஒரே நாளில் கிழடாகிவிட்டது! நம்மவர் சிலர் அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டனர். வேறு சிலர் பிள்ளைகளின் படிப்பை எண்ணி, அதே பொறியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டனர். அவ்வாறு செய்யுமாறு தூண்டியவர்களில் நானும் ஒருவன். ஆகவே பின்னர் வந்த குறைகளைக் கேட்கும் கடமையும் என்னைச் சேர்ந்ததாயிற்று.

லினக்ஸ் என்பது யாது? 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள நிரல்களை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இயங்குதளத்தின் உட்கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்து வளர்ந்ததே இன்றைய லினக்ஸ். இஃது அயலார் பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். நமக்கு அருகிலுள்ள புனே நகரில் 1988இல் தொடங்கப்பெற்ற சி-டாக் என்னும் அரசு நிறுவனம், தன் சென்னைக் கிளையின் உழைப்பால் 2007இல் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இடம் பெற்றது. லினக்ஸில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் 'லோகித்' எழுத்துருவை நெடுங்காலம் பேணி வந்தவர்களும் புனேயில் பணியாற்றிய பொறியாளர்களே.

நிற்க. இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே. கணினி பழுதுபடும்போது தன் குறையைப் பெரும்பாலும் தானே சொல்லிவிடுகிறது, நாம்தாம் கேட்பதில்லை. இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என் தாயார் பாடிய தாலாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்து கணினியில் சேர்த்து வைத்திருந்தேன். தாயார் மறைந்தபின் ஆண்டுதோறும் திதியன்று மாலை அதைக் கேட்பது எங்கள் வழக்கம். ஓராண்டு அந்நாளில் கணினி வாய் திறக்கவில்லை. படம் வருகிறது, ஒலி வரவில்லை. நான் பதறினேன். எங்கெங்கோ கண்ட கட்டளைகளைப் பொருள் அறியாமல் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினேன். நள்ளிரவுக்குள் படமும் போயிற்று. 'எல்லாவற்றையும் புதிதாக நிறுவிவிடுவோம்' என்று துணிந்தேன். நிறுவும்போது கணினி ஒரு கேள்வி கேட்டது. "வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா?" என்பது அக்கேள்வி. தூக்கக் கலக்கத்தில் அதைப் படியாமலே 'ஆம்' என்று அழுத்தினேன்.

பொழுது விடிந்தது. புதிதாய் நிறுவிய பின்னும் ஒலி வரவில்லை. அடுத்த வீட்டு மாணவன் வந்து பார்த்தான். "மாமா, போன வாரம் புதுத் திரை வாங்கினீர்களே; ஒலி அதற்குப் போகிறது. அதில்தான் ஒலிபெருக்கி இல்லையே!" என்று சொல்லி, ஒலி அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினான். அரை நிமிட வேலை. ஒலி வந்தது; கேட்பதற்குத்தான் ஒன்றும் எஞ்சவில்லை. பதிவு செய்த கைப்பேசியும் எப்போதோ பழுதாகிப் போயிருந்தது. யாரைக் குறை சொல்வது? கணினி எனக்குச் சொல்லத்தான் செய்தது. நான்தான் கேட்கவில்லை.

நோயையும் அதன் முதற்காரணத்தையும் அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடச் சொன்ன வள்ளுவரைப் பள்ளியில் படித்தவன்தான் நான்! படித்தது வேறு; பட்டுத் தெரிந்துகொண்டது வேறு.

இனி, நம் வீடுகளில் அடிக்கடி நேரும் குறைகளைப் பார்ப்போம்.

முதலாவது, கடிகாரக் குறை. ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்போர், "லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுகிறது" என்கிறார்கள். கணினிக்குள் ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்கு ஐந்தரை மணி. இருப்புப்பாதைக்காரனுக்கு இது புதிதன்று. ஒரு காலத்தில் இந்நாட்டு வண்டிகள் சென்னை நேரத்தை ஒட்டி ஓடின. 1906இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னும் பம்பாய் நகரில் அதற்கு 39 நிமிடம் பின்தங்கிய தனி நேரம் 1955 வரை வழங்கியது. ஓர் ஊரில் இரண்டு நேரம் வழங்கினால் குழப்பந்தானே? உட்கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரு முறை சொல்லிவிட்டால் குழப்பம் தீரும்.

ஆனால் மணி மட்டுமன்றி ஆண்டே பின்னோக்கிப் போய்விடுமானால் அது வேறு நோய். உட்கடிகாரத்துக்கு உயிரூட்டும் நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது இணையத் தளங்கள் திறக்க மறுக்கும். ஏனெனில் ஒவ்வொரு தளமும் காட்டும் சான்றிதழுக்குக் காலவரை உண்டு. நாளைக் கடந்த பயணச்சீட்டையும் நாள் வராத பயணச்சீட்டையும் பரிசோதகர் ஏற்பாரா? "இணையம் கெட்டுவிட்டது" என்று இணைப்பு கொடுத்தவரிடம் சண்டைக்குப் போகுமுன் திரையின் மூலையில் உள்ள நாளைப் பாருங்கள். மின்கலத்தின் விலை சொற்பந்தான்.

இரண்டாவது, கம்பியில்லா இணைப்பு. புதிதாய் நிறுவிய கணினியில் வைஃபை தெரியவில்லை என்றால், பெரும்பாலும் அந்த உறுப்புக்கு உரிய 'டிரைவர்' நிரல் இல்லை என்பதே காரணம். வண்டி நிற்கிறது, ஓட்டுநர் வரவில்லை, அவ்வளவே. கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுங்கள். பின்னர் டிரைவர் மேலாளர் பகுதியைத் திறந்தால், எந்த நிரல் வேண்டும் என்பதைக் கணினியே காட்டும். மடிக்கணினியாயின், வைஃபையை நிறுத்தும் விசையைக் குழந்தைகள் அழுத்திவிட்டார்களா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அச்சுப்பொறி. பள்ளிக்குப் போகும் அவசரத்தில்தான் அது மௌனம் சாதிக்கும்! ஒரு முறை வராவிட்டால் பத்து முறை அழுத்துவது நம் இயல்பு. அச்சு வேலைகள் வரிசையில் நிற்பவை. முன்னே நிற்கும் வண்டி நகராமல் பின்னே வரும் வண்டிக்குக் கைகாட்டி இறங்குமா? வரிசையைத் திறந்து, தலையில் சிக்கியிருக்கும் வேலையை நீக்குங்கள். தாள் சிக்கிய பிறகு கணினி அச்சுப்பொறியை 'நிறுத்தம்' என்று குறித்து வைத்திருக்கும். அதை மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். புதிய அச்சுப்பொறி வாங்குவோர், அது லினக்ஸில் இயங்குமா என்று கேட்டபின் பணத்தை எடுங்கள். சில மலிவுப் பொறிகள், அவற்றை ஆக்கியவர் தரும் தனி நிரல் இல்லாமல் ஓர் எழுத்தும் அச்சிடமாட்டா.

நான்காவது, புதுப்பித்தல். "வேறொரு நிரல் பூட்டி வைத்திருக்கிறது" என்று கணினி சொன்னால், பின்புலத்தில் வேறொரு புதுப்பித்தல் நடக்கிறது என்பதே பொருள். பூட்டை உடைக்காதீர்கள், ஒரு குவளை காப்பி குடித்துவிட்டு வாருங்கள். புதுப்பித்த பின் கணினி எழவே இல்லையெனில், தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் கூடுதல் விருப்பங்கள் என்னும் பகுதியில் பழைய உட்கரு காத்திருக்கும். அதைத் தெரிந்தெடுத்தால் நேற்று ஓடியது போல் இன்றும் பெரும்பாலும் ஓடும்.

ஐந்தாவது, மழைக்கால மின்வெட்டு. தளேகாவ் மழையை நான் உங்களுக்கு வருணிக்க வேண்டுவதில்லை. மின்சாரம் திடீரென்று போய்த் திரும்பும்போது, சில சமயம் கறுப்புத் திரையில் சில வரிகளோடு கணினி நின்றுவிடும். "அண்ணா, கணினி செத்துவிட்டது!" என்று ஓர் அம்மையார் இரவில் அழைத்தார். போய்ப் படித்தேன். வட்டின் எந்தப் பகுதியில் பிழை, எந்த நிரலைக் கைமுறையாக ஓட்ட வேண்டும் என்று இரண்டும் அந்தத் திரையிலேயே எழுதியிருந்தன. சொன்னபடி செய்தோம், எழுந்து ஓடியது. அன்று நான் செய்தது படித்தது ஒன்றுதான்.

ஆறாவது, தமிழ். நம் சங்கத்தின் பழைய மலர்க் கோப்புகளைத் திறந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன என்று வருந்துகிறோம். அவை ஒருங்குறி பரவாத காலத்தில் தனித்தனி எழுத்துருக்களுக்காகத் தட்டப்பட்டவை. கோப்பு கெடவில்லை; உரிய மாற்றி நிரலில் இட்டால் தமிழாகத் திரும்பும். இனி எழுதுவதை ஒருங்குறியிலேயே எழுதுவோம். 1999இல் தமிழக அரசு தரமாக ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையை, விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்து லினக்ஸில் பெறலாம். இங்கே மராத்தியும் ஆங்கிலமும் படித்து வளரும் நம் குழந்தைகள், ஊரில் இருக்கும் பாட்டிக்குத் தமிழில் நான்கு வரி எழுத இதைவிட எளிய வழி இல்லை.

அன்பர்களே! இவ்வளவையும் நினைவில் வைக்க வேண்டும் என்பதில்லை. நான்கு பழக்கங்கள் போதும். திரையில் வரும் செய்தியை முழுதும் படியுங்கள். புரியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு தெரிந்தவரைக் கேளுங்கள். கடைசியாக எதை மாற்றினோம் என்று நினைத்துப் பாருங்கள். என் வீட்டில் அது புதிய திரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; பயன் இல்லையேல் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பொருள் தெரியாத கட்டளையை, யார் சொன்னாலும் எழுதாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னே ஒன்று உண்டு. அதுவே படி எடுத்து வைத்தல். லினக்ஸ் மின்டில் 'டைம்ஷிஃப்ட்' என்னும் நிரல் உண்டு. அது இயங்குதளத்தை நேற்றைய நிலைக்குத் திருப்பும். ஆனால் உங்கள் படங்களையும் கடிதங்களையும் அது இயல்பாகக் காப்பதில்லை. அவற்றுக்குத் தனியே ஒரு வெளிவட்டில் படி வேண்டும். படி எடுத்ததும் அதைக் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் இலவசமாகப் பெறலாம். என் தாயாரின் குரலை எங்கே பெறுவேன்?

இறுதியாக ஒரு வேண்டுகோள். இருப்புப்பாதையில் பழுது நேர்ந்தால் அதைப் பதிவேட்டில் எழுதாமல் விடுவதில்லை. அடுத்த முறை வருபவன் அதைப் படித்துப் பயன்பெறுவான். அதுபோல் நம் சங்க நூலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைக்குமாறு செயற்குழுவை வேண்டுகின்றேன். எந்த வீட்டில் கணினி பழுதானாலும் நாள், திரையில் வந்த செய்தி, கண்ட காரணம், செய்த மாற்று ஆகிய நான்கையும் தமிழில் எழுதி வையுங்கள். ஓராண்டில் அது நம் குடியிருப்புக்கே ஏற்ற ஒரு மருத்துவ நூலாகிவிடும்.

நோட்டை நானே வாங்கி வந்திருக்கின்றேன். முதற்பக்கத்தையும் எழுதிவிட்டேன்: "ஒலி வரவில்லை. காரணம்: ஒலி புதிய திரைக்குப் போயிற்று. மாற்று: ஒலி அமைப்பில் ஒரு வரி. இழந்தது: தாலாட்டு." கடைசிச் சொல்லை எழுத வேண்டிய நிலை இனி நம்மில் எவருக்கும் வாராதிருக்கட்டும்.